ஆடிப் பட்டம் இல்லாத தீவில் பயிரும் மரமும்

சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்களுக்கு மண் பார்க்கப் போகும்போது தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே வகைக் கேள்விகள். ஊரில் கவனிக்காமலே காய்த்துத் தள்ளிய முருங்கை இங்கே ஏன் வெறும் இலையாக நிற்கிறது? பூக்கும் பருவத்தில் கத்தரி ஏன் ஒரே நாளில் தலை தொங்குகிறது? சின்ன வெங்காயம் ஏன் மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது? சிலர் விதையைக் குறை சொல்கிறார்கள், சிலர் உரத்தை. பெரும்பாலும் இரண்டின் மீதும் குற்றமில்லை. தமிழ்நாட்டு நிலத்துக்கும் வெயிலுக்கும் பழகிய வேளாண் அறிவை, அதற்கு நேரெதிரான இயல்புடைய ஒரு தீவில் அப்படியே செயல்படுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடுகூட இல்லை. வெப்பமான மாதத்தின் சராசரியும் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ்தான் வேறுபடும். மழை ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் கூடுதல். ஆனால் அளவைவிட முக்கியமானது அந்த மழை பரவியிருக்கும் விதம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனிலிருந்து செப்டம்பர்வரை. இரண்டுக்கும் நடுவே பிற்பகல் இடிமழை. முழுமையாக வறண்ட மாதம் என்று ஒன்று இல்லை. பிப்ரவரியில் மட்டும் சற்று ஓய்வு.

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்பது வறட்சிக்கும் மழைக்கும் நடுவே தெளிவான கோடு இருக்கும் நாட்டின் அறிவு. இங்கே அந்தக் கோடு இல்லை. ஆண்டு முழுவதும் விதைக்கலாம் என்பது அதில் வரும் நன்மை. வறட்சியை அடையாளமாக வைத்துப் பூக்கும் பயிர்களுக்கு அந்த அடையாளம் கிடைக்காமல் போவது தீமை. மா, மண் காய்ந்த சில வாரங்களுக்குப் பிறகே நன்றாகப் பூக்கும். பூத்த பின் மழை பிடித்தால் கருகல் நோய் பூங்கொத்தையே கறுக்க வைத்துவிடும். முருங்கைக்கு ஈரம் ஓயாததால் அது இலைக்கே சத்தைச் செலவிடுகிறது. கீரைக்காக வளர்த்தால் இங்கே அதைவிடத் தாராளமான மரம் இல்லை. காயை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. சின்ன வெங்காயத்துக்கு அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் காய்ந்த மண் வேண்டும், அதற்கு உத்தரவாதமில்லை. பொங்கலுக்குத் தேக்காச் சந்தையில் குவியும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வெளிநாட்டிலிருந்து வருவதற்கு முதல் காரணம் நிலப் பற்றாக்குறைதான். ஆனால் நிலம் இருந்தாலும் எல்லாப் பயிரும் இங்கே ஒத்துவராது.

வெயிலின் திசையையும் கணக்கில் எடுக்க வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்ப்போருக்கு இது மிக அவசியம். மார்ச் 24-ஐ ஒட்டியும் செப்டம்பர் 20-ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. இடைப்பட்ட ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வடக்கு நோக்கிய தாழ்வாரத்துக்குச் சாய்ந்த வெயில் கிடைக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கியதற்கு. உச்சி வெயிலை மேல்மாடித் தளம் மறைத்துவிடும். ஆகவே வடக்குப் பார்த்த வீட்டில் மே மாதம் செழித்த மிளகாய் நவம்பரில் நீண்டு மெலிந்து பூ உதிர்த்தால் அது நோயல்ல, வெளிச்சப் பஞ்சம். அந்த மாதங்களில் பொன்னாங்கண்ணி, வெற்றிலை, புதினா போன்றவற்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுவதும் வெயில் பெறும். மேற்கில் பிற்பகல் 3 மணிக்கு மேல் விழும் வெயில் சிறிய தொட்டிகளின் வேரைச் சுட்டுவிடும், அங்கே 15 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம்.

மழை இந்த மண்ணை என்ன செய்திருக்கிறது என்பதுதான் கதையின் கனமான பகுதி. தீவின் நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கருங்கல், மேற்கிலும் தென்மேற்கிலும் ஜூரோங் படிவுப் பாறை, கிழக்கில் பழைய வண்டல், ஆற்று முகங்களிலும் தாழ்நிலங்களிலும் கடற்களிமண். இவை மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த சூடான மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த புளித்த மண். கார அமில நிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையே. இவ்வளவு பச்சையான காடு நிற்கும் மண் வளமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். காட்டின் சத்து மண்ணில் இல்லை. அது மரத்திலும், விழுந்து மக்கும் இலையிலும், அதை உடனே உறிஞ்சும் மேல்வேரிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மரத்தை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதைக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது. அன்று தீவின் பெரும் பயிர்கள் தோல் பதனிட உதவும் கேம்பியரும் மிளகும். கேம்பியர் இலையைக் காய்ச்ச ஓயாமல் விறகு வேண்டும், அதனால் பயிர் நிலத்தோடு சுற்றுக் காடும் அழிந்தது. காய்ச்சிய இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாக இட்டார்கள். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. அப்படியிருந்தும் 15, 20 ஆண்டுகளில் மண் களைத்துவிட, தோட்டத்தைக் கைவிட்டுப் புதிய காட்டை வெட்டினார்கள். விட்டுச்சென்ற இடத்தில் லாலாங் புல் மூடியது. ஜாதிக்காய்த் தோட்டங்களும் 1850களின் பிற்பகுதியில் நோயால் சரிந்தன. பூமலை எனும் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த நத்தானியல் கேன்ட்லி 1883-ல் காடுகளின் நிலையை ஆய்ந்து அறிக்கை தந்தபோது, எஞ்சிய காடு சொற்பம். புக்கிட் தீமா வனக் காப்பிடம் அந்த ஆண்டில் உருவானது.

அந்தக் காலத்துக் காயம் இன்றும் ஆறவில்லை. களைத்த நிலங்களில் பின்னர் தானாக வளர்ந்த காட்டில் தியூப் தியூப் எனும் சிறுமரமும், ரெசாம் பெரணியும், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் மிகுந்திருக்கும். குடுவைச் செடி அழகானது. அது நிற்கும் இடத்தில் மண்ணில் தழைச்சத்து இல்லை என்று பொருள், அதனால்தான் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அங்கே மெரந்தி, செராயா போன்ற பெருமரங்கள் தாமாக வந்து நிலைகொள்ளவில்லை.

இந்த மண்ணோடு நன்றாக ஒத்துப்போன பெரும் பயிர் ரப்பர். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் இங்கே வந்தன. ரப்பர் புளித்த மண்ணைப் பொறுக்கும், ஆண்டு முழுவதும் பரவிய மழையை விரும்பும். 1888-ல் பூமலைக்குத் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீன்முள் வடிவில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் செம்மைப்படுத்தினார். நம் முன்னோர் பலர் இருள் பிரியும் முன்பே பால் வெட்டக் கிளம்பியதற்கும் தாவரவியல் காரணம் உண்டு: வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சிதறும், அன்று வேலையில்லை, கூலியுமில்லை.

இன்று உங்கள் பாத்தி இருக்கும் மண் அந்தப் பழைய மண்ணாக இருப்பதும் அரிது. கட்டுமானத்துக்காகக் கொட்டி, இயந்திரத்தால் இறுக்கிய நிரப்பு மண் அது. எனவே எதையும் நடுமுன் வடிகால் சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. ஆழமும் அகலமும் கொண்ட குழி தோண்டி, நீர் நிரப்பி, முழுதும் வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் அந்தத் தரையில் கத்தரி, மிளகாய், முருங்கை எதுவும் நிலைக்காது. 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டுங்கள், அகலம் 1.2 மீட்டரைத் தாண்ட வேண்டாம், இல்லையேல் நடுப்பகுதியை எட்ட உள்ளே மிதிப்பீர்கள்.

அடுத்தது அமில நிலை. காய்கறிக்கு 5.8 முதல் 6.5 வரை போதும். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் குட்டையாக, தடித்து, பக்கவேர் இல்லாமல் இருக்கும். மேலே வாடலும் வெளிறலும் தெரிவதால் பலர் உரத்தைக் கூட்டுகிறார்கள், அது உதவாது. டோலமைட் தூள் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு) ஒரு சதுர மீட்டருக்கு மணற்பாங்கான மண்ணில் 150 முதல் 200 கிராம், களிமண்ணில் 300 கிராம் வரை, 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்து, நீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் ஆற விடுங்கள். அம்மோனியம் உரத்தையோ பச்சைக் கோழி எருவையோ அதே நாளில் சேர்த்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். பாறை பாஸ்பேட் இடுவதானால் சுண்ணாம்புக்கு முன்பே இடுங்கள், அது கரைய அமிலம் வேண்டும். அளவு மீறினாலும் ஆபத்து: கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானால், சுண்ணாம்பு மிகுந்து இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று கொள்ளலாம்.

உரத்தை ஊரில்போல் அடியுரம், மேலுரம் என்று இரண்டே தவணையாக இட்டால் ஒரு வார மழை அதைச் சாக்கடைக்குக் கொண்டு போய்விடும். அதே அளவை எட்டாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒருமுறை இடுங்கள். மட்கிய உரம் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ. இந்தச் சூட்டில் அது சில மாதங்களில் கரைந்துபோகும், ஒவ்வொரு பயிருக்கும் மறுபடி சேர்க்க வேண்டும். கீரை விதைத்த பாத்திக்கு மேல் முதல் பத்து நாள் நுண்வலை கட்டுங்கள். ஒரு பிற்பகல் இடிமழை போதும், விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும். தெறித்த சேறு இலையடியில் ஒட்டி நோயும் வரும்.

கத்தரி வாடலுக்கு வருவோம். பச்சை இலையோடு, மஞ்சளாகாமலே, பகலில் தொங்கி இரவில் சற்றுத் தேறி, மூன்று நான்கு நாளில் செத்தால் அது பாக்டீரியா வாடல். உறுதி செய்ய, அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கும். அதற்கு மருந்தில்லை. செடியை வேர் மண்ணோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மட்கு குழியில் சேர்க்கக்கூடாது. கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் வேண்டாம். கீரையோ வெண்டையோ போடலாம்.

கத்தரிதான் வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டுவது. சுண்டை மெதுவாக வளரும், எனவே கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விதைக்க வேண்டும். இரண்டின் தண்டும் 3, 4 மி.மீ. தடிமனானதும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, கவ்வி போட்டு, ஈரப்பதமுள்ள நிழலில் ஒரு வாரம் வையுங்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே 8 செ.மீ.யாவது இருக்கட்டும். அது புதைந்தால் மேலேயிருக்கும் கத்தரித் தண்டே வேர்விட்டு, கிருமி அந்த வழியாக ஏறிவிடும்.

தொட்டி வைப்போர் அடியில் நீர் தேங்கும் தட்டுகளை எடுத்துவிடுவது நல்லது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும்.

இங்கே மரம் நடுவதிலும் இந்த மண்ணும் காற்றும்தான் பேசுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் பொழுது விடியுமுன் பாயும் சுமத்ரா சூறைக்காற்று, மேலாக வேர் பரப்பிய மரத்தைச் சாய்க்கும். இறுகிய களிமண்ணில் தோண்டிய குழி பானைபோல் நீரைத் தேக்கும், வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுழலும். குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் அளவே. பக்கச் சுவரை முள்கரண்டியால் கீறுங்கள், சுழன்ற வேரை வெட்டுங்கள், தண்டு விரியும் இடம் தரைமட்டத்தில் தெரியட்டும். மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டிலிருந்து 10 செ.மீ. விலகி. முட்டுக்கம்பை ஓராண்டுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் தானே நிற்கப் பழகாது. மின்னலும் இங்கே ஒரு காரணி: சாலையோரம் விரைவில் நிழல் வேண்டுமென்று நட்ட அங்சானா மரங்கள் பல, 1980களில் பூஞ்சண வாடலால் மடிந்தன. மின்னல் தாக்கிய மரங்களே அந்த நோய்க்கு வாசலாயின.

உணவு உற்பத்தியில் அரசின் கணக்கும் இந்த இயல்புகளைத் தாண்ட முடியவில்லை. நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே பண்ணைக்கு. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030-க்குள் 30 விழுக்காட்டுத் தேவையை இங்கேயே விளைவிப்பது என 2019-ல் அறிவித்த இலக்கு, 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. லிம் சூ காங்கில் உயர்தொழில்நுட்பக் கூடங்களில் கீரை வளர்ப்போர் மண்ணையும் மழையையும் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் குளிரூட்டலுக்கும் விளக்குக்கும் மின்கட்டணம் கட்ட வேண்டும். வெளியே இலவசமாக அடிக்கும் வெயிலுக்கு ஈடான அந்தச் செலவுதான் பலரை வீழ்த்துகிறது.

அக்டோபர், நவம்பர் மழைக்கு முன் உங்கள் குடியிருப்பு மரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடியில் மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் வேர்த்தட்டு மேலெழுந்திருக்கிறதா, தண்டின் அடியில் அடுக்குக் காளான் முளைத்திருக்கிறதா, முன்பில்லாத சாய்வு தெரிகிறதா? எது தெரிந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள்; வீவக வளாகம் என்றால் நகர மன்றத்துக்கு, சாலையோரம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்துக்கு. அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் குறிப்பிட்டால் ஆய்வாளர் அதே மரத்துக்கு நேராக வந்துவிடுவார்.