கவரில் வராத விவரங்கள்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருக்காது. வருகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்து, "எல்லாம் இதுல இருக்கு சார்" என்பார்கள். இருக்காது. வரியைக் குறைக்கும் ரசீதுகள் பத்திரமாக வந்துவிடும், வரியைக் கூட்டும் தாள்கள்தான் வீட்டிலேயே தங்கிவிடும். வேண்டுமென்றே மறைப்பவர்கள் குறைவு. இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

ஆண்டு நடுவில் வேலை மாறியதை அப்படித்தான் விடுகிறார்கள். ஒருவர் புது நிறுவனத்தின் சம்பளச் சான்றை மட்டும் கொடுத்தார். பழைய இடத்தில்தான் வரி பிடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன என்பது அவர் எண்ணம். ஆனால் ஒரு நிறுவனம் கொடுத்த சம்பளம் மற்றதற்குத் தெரியாது. வரியில்லாத ஆரம்ப வரம்பை இரண்டுமே தனித்தனியாகக் கழித்திருந்தன. இரண்டு சம்பளத்தையும் கூட்டியதும் மனிதர் வரியின் மேல் அடுக்குக்குப் போய்விட்டார். கட்ட வேண்டிய பாக்கி அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் சொல்லியிருந்தால் தாமதத்துக்கான வட்டியாவது மிஞ்சியிருக்கும்.

வங்கி வட்டியும் இதே ரகம்தான். சின்னத் தொகை, யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். வங்கியே வரித்துறைக்குச் சொல்லிவிடுகிறது! இந்தியாவில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அமெரிக்காவில் 1099 படிவத்திலும் அந்த வட்டி ஏறிவிடும். இப்படி ஒரு அறிக்கை உங்கள் நாட்டிலும் கிடைக்குமானால், எங்களிடம் வருவதற்கு முன் ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள்.

பங்கு விற்றவர்கள் வாங்கிய விலைக்கும் ஆதாரம் கொண்டுவாருங்கள். விற்ற தொகை வரித்துறைக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பழைய பங்கை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது பல நேரம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காட்டாவிட்டால் முழுத் தொகையும் லாபமாகத் தெரியும். புதிதாக ஒரு அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்றால் போன வருடக் கணக்கின் நகலும் வேண்டும். முன்பு ஏற்பட்ட நஷ்டத்தை இந்த ஆண்டு லாபத்தில் கழிக்க வழி இருந்தால், அந்த நகல்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

தாள்களைப் பார்ப்பதற்கு முன்பே "இவ்வளவு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரீஃபண்ட் என்பது நீங்கள் கூடுதலாகக் கட்டியது திரும்பி வருவது. தாளே பார்க்காமல் அதைப் பெருக்குவதாகச் சொன்னால், பெரும்பாலும் இல்லாத செலவைக் காட்டித்தான் செய்வார்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் கணக்கு உங்கள் பெயரில்தான் போகிறது. அதனால் எங்கள் அலுவலகமாகவே இருந்தாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம். வேலை சுலபமாகட்டும் என்று, வரித்துறைத் தளத்தில் உள்ள வாடிக்கையாளரின் கணக்கில் அலுவலகத்தின் மெயிலையும் போன் எண்ணையும் பதிந்துவிடுவோம். எங்களிடம் வந்த ஒருவருக்கு நோட்டீஸ் இரண்டு முறை போயிருந்தது, இரண்டுமே அவருடைய பழைய ஆலோசகரின் மெயிலுக்கு. அந்த ஆலோசகர் தொழிலை விட்டே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். இப்போது வருகிறவரின் எண்ணையே பதிகிறோம். ஓடிபிக்காக நாலு தடவை போன் பண்ண வேண்டியிருக்கிறது. சரி, பண்ணுகிறோம்.