கொருக்குப்பேட்டையில் சாய்ந்த ரயில்

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலை என் ஸ்டில் கேமராவில் வீடியோ எடுத்தேன். போட்டுப் பார்த்தால் கதவு, ஜன்னல் எல்லாம் சாய்ந்திருந்தன. சக்கரம் முன்னால் ஓட, கூரை பின்தங்கிய மாதிரி. அதே மாடியிலிருந்து எடுத்த போட்டோவில் கதவுகள் நேராகத்தான் நிற்கின்றன.

போட்டோ எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் திரை, ஒளியைப் படமாக்கும் சென்சாரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஏறக்குறைய 1/250 விநாடியில் ஓடிவிடும். வீடியோவில் அந்தத் திரைக்கு வேலை இல்லை, திறந்தே கிடக்கும். சென்சார் தன் மீது விழுந்த ஒளியை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள். கடைசி வரிசைக்கு வந்து சேர 1/40 விநாடி ஆகிறது என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் அதற்குள் 42 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆக, படத்தின் மேல் பாதி ஒரு நேரத்தின் ரயில், கீழ் பாதி இன்னொரு நேரத்தின் ரயில். கேமராவைச் சட்டென்று திருப்பினால் கட்டடங்கள் சாய்வதும், பைக்கில் கட்டி ஓட்டினால் தெருவே ஜெல்லி போல நெளிவதும் இதனால்தான். வாசிக்கும் வேகம் கூடக்கூட சாய்வு குறையும். புதுக் கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைவிட இதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. லென்ஸ் வழி வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி ஒன்று, நாம் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்கும், ஃபோகஸ் பார்க்கும் தனிக் கருவிக்கும் அனுப்பும். வீடியோ எடுக்க அந்தக் கண்ணாடி மேலே தூக்கியே இருக்க வேண்டும். உடனே வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், ஃபோகஸ் கருவிக்கும் ஒளி போகாது. அதன்பின் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் படம் கூர்மையாகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்கும். 2008-ல் வீடியோவோடு வந்த முதல் டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி90-யில் இந்தத் தொல்லை உண்டு, சில வாரத்தில் அறிமுகமான கேனான் 5டி மார்க் 2-விலும் உண்டு. 2013-ல் கேனான் 70டி சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்து, சென்சாரையே ஃபோகஸ் பார்க்க வைத்தது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் வ்யூஃபைண்டர் இருளும் பிரச்சினை எழவே இல்லை, ஆனால் தொடக்க கால மாடல்கள் பலவும் ஃபோகஸை இப்படித் தேடித்தான் கண்டுபிடித்தன.

இத்தனை குறையோடும் அந்தக் கேமராக்களை வீடியோ எடுப்பவர்கள் விரும்பி வாங்கியதற்குக் காரணம் சென்சாரின் அளவு. 5டி மார்க் 2-வின் சென்சார் 36×24 மில்லிமீட்டர். சிறிய வீடியோ கேமராக்கள் பலவற்றில் இருந்தது சுமார் 4.8×3.6 மில்லிமீட்டர். பரப்பில் 50 மடங்கு வித்தியாசம்! சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அந்த அரை வெளிச்சத்தில் சிறிய சென்சார் புள்ளி புள்ளியாகக் காட்டும் முகத்தைப் பெரிய சென்சார் தெளிவாகக் காட்டுகிறது.

அதே துறைமுகத்தில் காயப்போட்ட வலையைப் பழைய கேமராவில் எடுத்தால், இல்லாத வண்ண அலைகள் அதன் மேல் ஓடும். 2 கோடியே 10 லட்சம் புள்ளிகள் கொண்ட சென்சாரிலிருந்து சுமார் 20 லட்சம் புள்ளிகள் உள்ள வீடியோ பிரேமை (வீடியோவின் ஒரு தனிப்படத்தை) உருவாக்க, கேமரா இடையிடையே வரிசைகளைத் தாண்டிவிடுகிறது. வலைக்கண் இந்த இடைவெளியைவிட நுணுக்கமானால் பொய்க்கோலம் தோன்றும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் தெரிகிற அலையும் இதே வகைதான்.

விளக்கு விஷயம் சின்னது, ஆனால் படத்தையே கெடுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர் வேகத்தை, அதாவது வீடியோவில் ஒவ்வொரு வரிசையும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் சரி. 1/60-க்கு மாற்றினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும்.

ஸ்டில் கேமராவில் வீடியோ வசதி தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். கூடையில் கிடக்கும் வஞ்சிரத்தைப் போட்டோ அழகாகக் காட்டும். ஆனால் ஏலம் கூறுபவரின் குரல் ஏறுவதையும், வாங்க வந்த அம்மா ஒரு கணம் தயங்கித் தலையசைப்பதையும் வீடியோதான் பிடித்துத் தருகிறது.

குரலை மட்டும் கேமராவின் மைக்கை நம்பி விடாதீர்கள். கடல்காற்று அதை நிரப்பிவிடும், லென்ஸ் மோட்டாரின் உறுமலும் சேரும். நான் தனி ரெக்கார்டர் ஒன்றை ஏலம் கூறுபவர் பக்கத்தில் வைக்கிறேன். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவுக்குக் குரல் 1/10 விநாடி தாமதமாக வரும், விநாடிக்கு 25 பிரேம் என்றால் அதற்குள் இரண்டரை பிரேம் ஓடியிருக்கும். அதனால் ஏலம் தொடங்கும் முன் ரெக்கார்டர் பக்கத்தில் நின்று, கேமராவுக்குத் தெரியும்படி யாராவது ஒருமுறை கைதட்டச் சொல்கிறேன். கைகள் சேரும் பிரேமையும் ரெக்கார்டரில் அந்தச் சத்தம் எழும் இடத்தையும் பொருத்திவிட்டால் உதடும் குரலும் ஒன்றாகப் போகும்.