சாயத்தண்ணி மட்டும்தானா காரணம்?

"ஏனுங்க டாக்டர், எல்லாம் இந்தச் சாயத்தண்ணியாலதானுங்களே?" திருப்பூர், ஊத்துக்குளி, சென்னிமலைப் பக்கமிருந்து புற்றுநோய்க்குக் காட்ட வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நொய்யல் நிறம் மாறி ஓடியதையும் ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி நின்றதையும் பார்த்தவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011ல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்ட விவகாரம் அது. ஆனால் ஒருவருக்கு வந்த கட்டியைக் காட்டி, இந்தத் தண்ணியால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

எனக்கு ஆற்றைவிடப் பெரிய கவலை, பட்டறைக்குள் நின்று வேலை பார்த்தவர்கள். பென்சிடின் வகைச் சாயங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானது. 90களிலேயே இங்கே தடை வந்துவிட்டது, சரி, ஆனால் சாயத்தைத் தொட்டதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் நடுவில் இருபது முப்பது வருஷம் ஓடிவிடும். அன்றைக்கு வெறுங்கையால் சாயப்பொடி கரைத்தவர் இன்றைக்குக் காங்கேயம் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு இருப்பார், ஓபி சீட்டில் தொழில் 'கூலி' என்றிருக்கும், அவ்வளவுதான். கோவையில் குரோமிய முலாம் பூசும் பட்டறையில் புகையை இழுத்தவருக்கு நுரையீரலில் ஆபத்து, அதுவும் அந்தச் சீட்டில் இருக்காது. பீடி, குடி எல்லாம் கேட்கிற நாங்கள் பழைய வேலையைக் கேட்பது குறைவு. நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால் 'சூடு' என்று இளநீர் குடித்துக்கொண்டு மாசக்கணக்கில் உட்காராதீர்கள். ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் காட்டுங்கள். புகைக்கிறவராக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அப்புறம் நைட் ஷிப்ட். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், தூக்கம் வராமலிருக்க ராத்திரி முழுக்கப் பாக்குப் பொட்டலத்தைக் கன்னத்தில் ஒதுக்கியே பழகியவர். கன்னம் இறுகி வாய்க்குள் இரண்டு விரல் நுழையவில்லை, உள்ளே ஆறாத புண். ரெண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் காட்டியிருக்க வேண்டும், இவர் வந்தது ஆறு மாசம் கழித்து. "தறிய நிறுத்திட்டு வந்தா அன்னிக்குக் கூலி போச்சுங்களே" என்றார். காப்பீட்டு அட்டை இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது, லீவுதான் இல்லை. பனியன் கம்பெனியில் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற அக்காமாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள்: பரிசோதனைக்குப் போகிற அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.