கவுன்சிலிங் படிப்பில் சேருமுன் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி

சென்ற மாதம் குன்னூரில் என் ஆலோசனை அறைக்குப் பெற்றோர் இருவர் தங்கள் மகனை அழைத்து வந்தார்கள். கல்லூரி வயதுப் பையன். பல மாதங்களாக அவனுக்கு உறக்கம் இல்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுவது சுவர் வழியே கேட்கிறது என்கிறான். குளிப்பதையும் சாப்பிடுவதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இத்தனை மாதமும் அவனுக்குப் 'பரீட்சை பயம்' என்று சொல்லி வாரம் ஒருமுறை கவுன்சிலிங் நடந்திருக்கிறது. நடத்தியவர் அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை முடித்து, வீட்டு வாசலில் பலகை மாட்டியிருக்கும் ஓர் இளம்பெண். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரண்டாண்டுப் படிப்பில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளி ஒருவரைக்கூட யாரும் அவருக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். (குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.) மனச்சிதைவில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் என்ன கேடு செய்யும் என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. இது முதல் முறையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர்ப் பக்கமிருந்தெல்லாம் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். "எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி சேரலாமா, மேடம்?" என்று கேட்பவர்களிடம் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேரின் பதில் ஒன்றுதான்: "எல்லாரும் என்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க. நான் நல்லா ஆறுதல் சொல்லுவேன்." இந்தப் பதிலைக் கேட்கும்போதுதான் எனக்குக் கவலை தொடங்குகிறது.

நண்பர்கள் நம்மிடம் மனம் விட்டுப் பேசுவது நம் நல்ல குணத்துக்கு அடையாளம். தொழில் திறமைக்கு அத்தாட்சி ஆகாது. நண்பர் நமக்குப் பிடித்தவர். சலிப்பு வந்தால் பேச்சை மாற்றலாம். அவர் நம் பேச்சைக் கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆலோசனை அறைக்கு நமக்குப் பிடிக்காதவரும் வருவார். மனைவியை அடித்தவர் வருவார், பாதி உண்மையை மறைப்பவர் வருவார், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று ஒரே குறையைச் சொல்பவர் வருவார். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கவனத்தோடு முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும். பேச்சின் நடுவே ஆபத்தின் அறிகுறி தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் சொந்தத் துயரம் கிளறப்படும்போது அதைக் கண்டுகொண்டு விலக்கி வைக்க வேண்டும். பேசி முடித்தபின் குறிப்பு எழுத வேண்டும். நம் வரம்பை மீறிய நோய் என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சோர்வு என்று வருபவரிடம் தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா என்று முதல் நாளே விசாரிக்காத ஆலோசகரை நான் நம்புவதில்லை. இவற்றில் எதுவும் பிறவிக் குணத்தால் வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவரின் முதல் அமர்வை, வந்தவரின் இசைவோடு ஒலிப்பதிவு செய்திருந்தோம். வந்தவர் தேயிலை பறிக்கும் தொழிலாளி, நடுவயதுப் பெண். நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், குரலைத் தாழ்த்தி, "இருந்துதான் என்ன ஆகப் போகுதுன்னு இருக்கு" என்றார். மாணவி உடனே, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது அக்கா, பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க" என்றார். பதிவில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பெண், "ஆமாம்மா, நீ சொல்றது சரிதான்" என்றார். அதன்பின் கடைசிவரை தூக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினார். அவர் தேறிவிட்டார் என்று மாணவி நம்பினார். சொல்ல வந்ததை அவர் விழுங்கிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அன்று மாலையே அவரைத் திரும்ப வரவழைத்தோம். மாணவி என் முன்னிலையில், "சாகணும்னு தோணுதா அக்கா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டார். அந்தப் பெண் அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வீட்டிலிருந்த பூச்சிமருந்து அன்றிரவே அப்புறப்படுத்தப்பட்டது. மறுநாள் காலையில் மனநல மருத்துவரைப் பார்த்தார். தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்சுவது தவறு. கேட்காமல் விடுவதே ஆபத்து. அந்த மாணவி இதைப் பாடத்தில் படித்துத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியவர்தான். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் இருந்து பதிவைக் கேட்டு நிறுத்திக் காட்டியபோதுதான் அது அவருக்குக் கைவந்தது. இதைத்தான் மேற்பார்வைப் பயிற்சி என்கிறோம். இது இல்லாத முதுகலைப் பட்டம், வண்டியையே தொடாமல் வாங்கிய ஓட்டுநர் உரிமம் போன்றது.

ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டணம் பற்றியதோ வேலைவாய்ப்பு பற்றியதோ ஆகாது. இந்த இரண்டாண்டில் நான் உண்மையான மனிதர்களுடன் எத்தனை மணி நேரம் அமர்வேன், அதை யார் மேற்பார்வை செய்வார், அவர் என் ஒலிப்பதிவைக் கேட்பாரா அல்லது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுவாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுங்கள். சக மாணவர்களோடு நடித்துப் பழகிய நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமானால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மனநல ஆலோசனை முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் 'காக்ரெப்' அமைப்பு, 60 செமஸ்டர் கிரெடிட் படிப்பையும், அதற்குள் 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சியையும், 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த 600இல் குறைந்தது 240 மணி நேரம் உதவி நாடி வருபவருடன் நேரடியாகப் பணியாற்ற வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் மாநில உரிமம் பெற, மேற்பார்வையில் மேலும் பல மணி நேரம் பணியாற்றித் தேர்வும் எழுத வேண்டும். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை, அங்கே சென்று படிக்க நினைப்பவர்கள் கல்விக் கடன் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு நிலையையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.எஸ்சி. உளவியலோ எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜியோ முடித்தவர் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்ட முடியாது. அந்தப் பெயருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் மத்தியப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். பதிவின்றித் தொழில் நடத்துபவருக்கு அந்தக் கவுன்சிலுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. இதற்கு இதுநாள்வரை வழியாக இருந்த இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பின் சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரையே அனுமதியை நீட்டித்தது. எனவே பழைய மாணவர்கள் சொல்வதை நம்பித் திட்டம் போடாமல், எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு இப்போது அங்கீகாரம் இருக்கிறது என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஆலோசகர், உளவியலாளர் முதலிய பிற பணிகள் 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

அந்தச் சட்டத்தைக் காட்டியே, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது. இது நம் மலைக்காரர்களுக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். குழந்தையை விட்டுவிட்டுக் கோவையில் விடுதியில் தங்க முடியாத தாய்மார்களும், பள்ளி வேலையை விட முடியாத ஆசிரியைகளும் அஞ்சல்வழியைத் தேர்ந்தெடுத்தது சோம்பலால் அல்ல. இருந்தும் அந்த உத்தரவை நான் வரவேற்கிறேன். இன்னமும் "வாரக் கடைசியில் வந்தால் போதும், பட்டம் வீட்டுக்கே வரும்" என்று யாராவது அழைத்தால், பச்சைத் தேயிலை விற்ற பணத்தையும் அடகு வைத்த நகையையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: தொழில் நெறிமுறை தனிப் பாடமாக இருக்கிறதா? சென்னையில் ஆலோசகரும் வந்தவரும் அறைக்கு வெளியே சந்திக்கவே போவதில்லை. ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) பிறந்து அங்கேயே தொழில் தொடங்குபவரிடம் வருபவர் அவருடைய மாமியாராக இருக்கலாம், தம்பியின் ஆசிரியராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். யாரை ஏற்பது, யாரை வேறொருவரிடம் அனுப்புவது, பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையெல்லாம் படிக்கும்போதே பேசிப் பழக வேண்டும். இங்கே ஒரே ஒரு ரகசியம் கசிந்தால் அந்த ஊரில் பிறகு யாரும் யாரிடமும் உதவி கேட்டு வர மாட்டார்கள். கள அனுபவத்தையும் நீங்கள் பணியாற்றப் போகும் மக்களின் பேச்சிலேயே பெற முயலுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி பெற்றுத் திரும்பும் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளி முன்னால் முதல் கேள்வியைக் கேட்கவே திணறுவதைப் பார்க்கிறேன்.

ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பலகையைக் கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, மாவட்ட மனநலத் திட்டக் குழுவிலோ, போதை மறுவாழ்வு மையத்திலோ மேற்பார்வையில் ஓராண்டாவது பணியாற்ற வழி கேளுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், கேட்கக் கூச்சமாகவும் இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள். அதுவரை உங்களிடம் யாராவது வந்தால், குரல் கேட்கிறது என்றாலோ, பல நாள் உறங்கவில்லை என்றாலோ, சாக நினைக்கிறேன் என்றாலோ அடுத்த வாரம் வரச் சொல்லாதீர்கள். அவரைத் தனியே விடாமல், உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழைத்தால் எந்த நேரமும் தமிழிலேயே பேசுவார்கள்.