பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 1080 கோடு எதற்கு?

டி.வி. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஃபுல் எச்.டி.யா, 4கேயா?" என்பதுதான். அடுத்தது விலை. ஃபுல் எச்.டி. என்றால் படம் மேலிருந்து கீழாக 1080 கிடைக்கோடுகளால் ஆனது என்று பொருள். வீட்டில் சோபாவிலிருந்து திரை எத்தனை அடி தள்ளி இருக்கப்போகிறது என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. எச்.டி. என்ற ஏற்பாட்டை முதன்முதலில் உருவாக்கியவர்களோ அந்தத் தொலைவில்தான் கணக்கையே தொடங்கினார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. எதிர்காலத் தொலைக்காட்சி எப்படி இருக்க வேண்டும் என்ற ஆராய்ச்சியில் இறங்கியது. பார்வையாளர்களை உட்கார வைத்து, வெவ்வேறு அளவுத் திரைகளைக் காட்டிச் சோதித்தார்கள். கண்முன் விரியும் படம் கிடைமட்டமாக ஏறத்தாழ 30 டிகிரி அகலத்தை நிறைத்தால், பெட்டிக்குள் பார்க்கிறோம் என்ற உணர்வு குறைந்து, அந்த இடத்திலேயே இருக்கிறோம் என்ற உணர்வு பிறக்கிறது என்று கண்டார்கள். அகலத்திரையில் அந்த 30 டிகிரி கிடைக்க வேண்டுமானால், படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில் உட்கார வேண்டும்.

இனி கண்ணின் கணக்கு. கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டி "6/6 பார்வை" என்று சொல்கிறார்கள் அல்லவா, அந்த வரிசையில் உள்ள எழுத்தின் ஒவ்வொரு கோட்டின் தடிமனும் நம் கண்ணில் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நல்ல பார்வை பிரித்தறியக்கூடிய நுணுக்கம் அவ்வளவுதான். மூன்றரை மீட்டர் தொலைவில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சமம். உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்தவரின் கண்ணுக்குக் கோடுகள் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகக் கலக்க வேண்டுமானால், அந்த உயரத்தை ஏறத்தாழ 1,100 கோடுகளாகப் பிரித்தாக வேண்டும். என்.எச்.கே. தேர்ந்தெடுத்தது 1,125 கோடுகள். அவற்றில் திரையில் தெரிபவை 1,035. பின்னாளில் கணினித் திரைகளைப்போல் பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள், சதுரமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை வந்தபோது, 16க்கு 9 என்ற வடிவத்துக்குள் சரியாகப் பொருந்தும் 1920 பெருக்கல் 1080 நிலைபெற்றது. இருபது லட்சத்துக்குச் சற்று அதிகமான பிக்சல்கள். ஆக, கண்ணின் எல்லையையும் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பிறந்த எண்தான் 1080. இரண்டில் ஒன்றை மாற்றினால் அதன் பொருளும் மாறிவிடும்.

நம் வீடுகளுக்கு வருவோம். 43 அங்குல டி.வி.யின் படம் 21 அங்குல உயரம். மூன்று மடங்கு என்றால் ஐந்தேகால் அடி. அங்கே உட்கார்ந்தால் 1080 கோடுகளின் பலன் முழுதாகக் கிடைக்கும். நாம் உட்காருவதோ எட்டடி, பத்தடி தள்ளி. பத்தடியிலிருந்து 1080 கோடுகளின் நுணுக்கம் முழுவதையும் கண் வாங்க வேண்டுமானால் திரை 80 அங்குலத்துக்கும் மேல் இருக்க வேண்டும். 4கே என்பது இரு பக்கமும் இரண்டு மடங்கு, அதாவது 3840 பெருக்கல் 2160. அதற்கேற்ற தொலைவு உயரத்தில் ஒன்றரை மடங்கு. 43 அங்குலத் திரையில் இரண்டரை அடிக்குச் சற்று மேல். அவ்வளவு நெருங்கி யாரும் நாடகம் பார்ப்பதில்லை. இரு பக்கமும் அதிலும் இரண்டு மடங்கான 8கேக்கு அந்தத் தொலைவும் பாதியாகிவிடும்.

பழைய பெட்டி டி.வி.க்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 625 கோடுகள், படத்துக்கு உரியவை 576. அதற்கு உயரத்தைப்போல் ஆறு மடங்கு தொலைவு போதும். 21 அங்குலப் பெட்டியில் அது ஆறேகால் அடி. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்த காலத்தில் "படம் மங்கலாக இருக்கிறது" என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் இதுதான். திரை பெரிதானதும் பழைய ஒளிபரப்பின் குறைகள் வெளிப்பட்டன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறுபதில் ஒரு பங்கு என்பது கல்லில் செதுக்கிய எல்லை அன்று. கூர்மையான இளம் கண்கள் அதைத் தாண்டும். ஒரு நேர்கோடு இம்மியளவு விலகியிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். அந்தத் திறன் எழுத்தைப் படிக்கும் திறனைவிடப் பல மடங்கு நுட்பமானது. அதனால்தான் சாய்ந்த கோடுகளின் ஓரத்தில் உள்ள படிக்கட்டுப் பற்கள் எதிர்பார்த்த தொலைவைத் தாண்டியும் தெரிகின்றன. 4கே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 43 அங்குலத்தில், பத்தடியில், ஃபுல் எச்.டி.யிலிருந்து 4கேக்குப் போனதும் படம் பிரமாதமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த முன்னேற்றத்தில் பிக்சல் எண்ணிக்கையின் பங்கு மிகச் சிறியது. பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது.

முதலில் ஒளிபரப்பைப் பார்ப்போம். 1920 பெருக்கல் 1080 பிக்சல்கள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்ற கணினித் தகவல் துளி), நொடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 124 கோடி பிட்டுகள். ஒரு எச்.டி. சேனலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நொடிக்கு ஒரு கோடி பிட்டுக்கு முன்பின். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கழிக்கப்பட்டுவிட்டது.

முதல் கழிவு நிறத்தில். வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரிக்கும் நம் கண், நிற வேறுபாட்டில் அவ்வளவு கெட்டியில்லை. எனவே கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே 1920 பெருக்கல் 1080 என்ற முழு அளவில் வருகிறது. நிறம் 960 பெருக்கல் 540 அளவில், கால் பங்கு நுணுக்கத்தோடு வந்து அதன் மேல் பூசப்படுகிறது. மற்ற காட்சிகளில் இது பிடிபடாது. கறுப்புப் பின்னணியில் ஓடும் சிவப்பு எழுத்துகளைத் திரைக்கு அருகே போய்ப் பாருங்கள்: ஓரங்கள் கசிந்து, எழுத்தின் விளிம்பு மங்கலாகத் தெரியும். அதே வரியில் உள்ள வெள்ளை எழுத்து வெட்டினாற்போல் இருக்கும்.

அடுத்த கழிவு நேரத்தில். 1080 ஐ (1080i) என்று குறிக்கப்படும் ஒளிபரப்பில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என்று நொடிக்கு 50 தடவை 540 கோடுகளாக மாறி மாறி வருகின்றன. அசையாத காட்சியில் இரண்டும் சேர்ந்து 1080. பந்து பறக்கும்போது, முதல் பாதி எடுத்த கணத்துக்கும் அடுத்த பாதி எடுத்த கணத்துக்கும் இடையில் அது நகர்ந்துவிட்டிருக்கும். இரண்டையும் ஒட்டவைப்பது டி.வி.யின் சில்லு செய்யும் வேலை. அமெரிக்காவில் ஏபிசி, ஃபாக்ஸ், இ.எஸ்.பி.என். ஆகியவை 1080 ஐ முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் 720 கோடுகளோடு முழுப் படம் வரும் 720 பி (720p) முறையைத் தேர்ந்தெடுத்தன. விளையாட்டுக்கு அசைவு முக்கியம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட வாதம். சரியான வாதம் என்றே நினைக்கிறேன்.

பெரிய கழிவு மூன்றாவதுதான், படத்தின் நுண்ணிய வேறுபாடுகளில். அதன் அடிப்படையில் இருக்கும் கணிதத்துக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1972இல் படத் தகவலைச் சுருக்க உதவும் ஒரு யோசனைக்கு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் தன் மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அதை முடித்து, 1974 ஜனவரியில் வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. இன்று நாம் பார்க்கும் ஜேபெக் படங்களிலும் டிவிடியிலும் டி.டி.எச். சேனலிலும் இணையக் காணொளியிலும் ஓடுவது அந்தக் கணக்கு, அல்லது அதன் நேரடி வாரிசு. மூன்று பெயர்களும் நம் பள்ளிப் பாடங்களில் இருந்திருக்க வேண்டும்.

அது செய்வது இது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக எடுத்துக்கொள். கட்டத்தில் உள்ள 64 பிக்சல்களின் ஒளி அளவுகளை அப்படியே எழுதாமல், வேறு 64 எண்களாக மாற்று. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்து வருபவை, மெதுவாக ஏறி இறங்கும் வேறுபாடு எவ்வளவு, சற்று வேகமாக மாறுவது எவ்வளவு, ஒவ்வொரு பிக்சலுக்கும் மாறும் மிக நுண்ணிய வேறுபாடு எவ்வளவு என்று வரிசையாகச் சொல்கின்றன. வெறும் நீலவானம் உள்ள கட்டத்தில் முதல் எண்ணைத் தவிர மற்றவை ஏறக்குறைய பூஜ்யம். ஓர் எண்ணை அனுப்பினால் போதும். நுண்ணிய வேறுபாடுகளைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால், பிட் பற்றாக்குறை வரும்போது கடைசியில் உள்ள எண்களையே முதலில் பூஜ்யமாக்குகிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்கக் கிரிக்கெட் ஒளிபரப்பு போதும். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவதற்கு முன் கேமரா அசையாமல் நிற்கும்போது மைதானத்தைக் கவனியுங்கள். புல்வெளியில் வெட்டுப்பட்டைகள், அங்கங்கே காய்ந்த திட்டுகள், புல்லின் நெசவு எல்லாம் தெரியும். மட்டையாளர் பந்தை எல்லைக்கோட்டை நோக்கி விரட்டியதும் கேமரா அதன் பின்னால் சரேலென்று திரும்புகிறது. அந்தக் கணத்தில் புல் முழுவதும் பச்சைக் குழம்பாகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்களும் தேவைப்படுகிற காட்சி புல். அது முழுக்க ஒரே நேரத்தில் நகரும்போது ஏற்கெனவே வந்ததை மறுபடி அனுப்பாமல் முந்தைய படத்திலிருந்து கடன் வாங்குவதும் கடினமாகிறது. கொடுக்கப் பிட் இல்லை. பந்து கயிற்றைத் தொட்டு கேமரா நின்றதும், ஒரு நொடிக்குள் புல் இதழ்கள் மெல்ல முளைத்து வருவதைப் பார்க்கலாம். திரையில் உள்ள பிக்சல்கள் முதலிலிருந்து கடைசி வரை அதே இருபது லட்சம்தான். மழைக் காட்சி, கைதட்டும் கூட்டம், பாடலில் பறக்கும் வண்ணக் காகிதத் துணுக்குகள் எல்லாவற்றிலும் இதே கதை.

ஒரு சேனலின் படத்தரத்தை அதன் பெயருக்குப் பின்னால் உள்ள எச்.டி. என்ற ஒட்டை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்களை நெருக்கினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். போதிய பிட் கொடுத்த ஃபுல் எச்.டி. படம், பட்டினி போட்ட 4கேயைவிட அழகாகவே இருக்கும்.

ஒளிபரப்புக்கு அடுத்து, படம் நன்றாகத் தெரிவதற்கான இரண்டாவது காரணம் திரையின் கறுப்பு. படத்தின் கூர்மை என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வருவது. எல்.சி.டி. திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் திரவப்படிகம் அதை மறைக்கப் பார்க்கிறது, முழுதாக முடிவதில்லை. எல்.சி.டி.யிலேயே ஐ.பி.எஸ். வகைத் திரைகளில் வெள்ளை, கறுப்பைப்போல் ஆயிரம் மடங்கு பிரகாசம் என்ற அளவில் நிற்கிறது, வி.ஏ. வகையில் மூவாயிரம் மடங்கையும் தாண்டும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிவதால் கறுப்பு என்றால் அணைந்த விளக்கு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது பாருங்கள். உங்கள் திரையின் கறுப்பு உண்மையில் என்ன நிறம் என்று தெரிந்துவிடும். ஐ.பி.எஸ்.ஸில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது; குடும்பமாக நாலா பக்கமும் உட்காரும் கூடத்துக்கு அது நல்லது. எதை விட்டு எதை எடுப்பது என்பது வீட்டைப் பொறுத்தது.

இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சைக் கூட்டும் எச்.டி.ஆர். என்ற சொல்லும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே, பிக்சல் எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை. பழைய ஒளிபரப்பின் வெள்ளை 100 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) பிரகாசத்தை அளவுகோலாக வைத்தது. எச்.டி.ஆரின் ஒரு முறை 10,000 நிட் வரை குறிக்க இடம் தருகிறது. இருட்டிலிருந்து வெளிச்சம் வரையான படிகள் 256லிருந்து 1,024க்கு உயர்வதால், அந்திவானத்தில் வளையம் வளையமாகத் தெரியும் பட்டைகளும் குறைகின்றன. ஆனால் 300 நிட் வரை மட்டுமே எரியும் மலிவான திரையும் எச்.டி.ஆர். சமிக்ஞையை ஏற்றுக்கொண்டு அட்டைப்பெட்டியில் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்வது வேறு, காட்டுவது வேறு.

காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவையும் உண்டு. எச்.டி. செட்-டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏ.வி. வயரில் மாட்டியிருந்தால் வருவது பழைய 576 கோட்டுப் படம் மட்டுமே, எச்.டி.எம்.ஐ. வயர் அவசியம். பல டி.வி.கள் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகின்றன. இது படக்குழாய்க் காலத்து வழக்கம். செய்தி சேனலின் அடியில் ஓடும் வரி விளிம்பில் அறுபட்டால் இதுதான் நடக்கிறது. அப்போது 1080 கோடுகளில் ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை. எல்லாம் இழுத்து மறுபடி வரையப்பட்டவை. பட அளவு அமைப்பில் "ஸ்கிரீன் ஃபிட்", "ஜஸ்ட் ஸ்கேன்" போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் பொருந்தும். எச்.டி. ரெடி என்று விற்கும் 32 அங்குலத் திரைகளில் மட்டும் இந்தப் பொருத்தம் கிடைக்காது. அவற்றில் பெரும்பாலானவை 1366 பெருக்கல் 768. 720க்கும் ஒட்டாது, 1080க்கும் ஒட்டாது.

ஷார்ப்னெஸ் அளவை ஏற்றினால் நுணுக்கம் கூடுவதில்லை. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று வரையப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோடு மறையும் வரை இறக்கிவிடுங்கள். கடையின் விளக்கு வெள்ளத்தில் எடுபடுவதற்காக அமைத்த "விவிட்" நிலையை விட்டு "சினிமா" அல்லது "மூவி" நிலைக்கு மாறுங்கள். படத்தைத் தயாரித்தவர்கள் நிறத்தைச் சரிபார்த்த திரையின் வெள்ளை, நிறத்தின் அளவுகோலில் 6,500 கெல்வின் என்று குறிக்கப்படும் பகலொளி. சினிமா நிலை அதற்கு மிக அருகில் நிற்கும். முதல் சில நாட்கள் எல்லாம் மஞ்சளடித்ததுபோல் தோன்றும், மாற்றத் தூண்டும். கண் பழகிய பிறகு ஒரு தடவை விவிடுக்குத் திரும்பிப் பார்த்தால், முகங்களெல்லாம் நீலம் பாரித்திருப்பது தெரியும்.