வாளை வேறு, வாள்மீன் வேறு

சென்ற வாரம் என் மதினி, அலைபேசியில் படித்த ஒரு சமையல் குறிப்பை நம்பி மதுரைக் கரிமேட்டு மீன் சந்தையில் வாளை வாங்கி வந்தார். 'வாளை மீனை ஓர் அங்குலக் கனத்துக்கு வெட்டி, மிளகும் எலுமிச்சைச் சாறும் தடவி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் சுடவும்' என்று அதில் இருந்தது. வாங்கியதோ சாவாளை. இடுப்பு வாரைப் போலத் தட்டையாக மினுங்கும் அந்த மீனில் ஓர் அங்குலக் கனத்துக்கு எங்கே போவது? நான்கு நிமிடத்தில் சதை தோசைக்கல்லோடு போயிற்று. கரண்டியில் வந்தது முள்.

குறிப்பின் ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ஸ்வார்ட்ஃபிஷ்'. மேல்தாடை நீண்டு வாள்போல் நிற்பதால் வந்த பெயர் அது. 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் இட்ட 'சிஃபியாஸ் கிளாடியஸ்' என்ற அறிவியல் பெயரிலும் முன்சொல் கிரேக்கத்து வாள், பின்சொல் இலத்தீனத்து வாள். தமிழில் வாள்மீன் என்றால் முடிந்தது. வாளை என்ற சொல்லும் வாளோடு உறவுடையதாக இருக்கலாம். அதனால் குளத்து வாளையும் கடற்சாவாளையும் வாள்மீன் ஆகிவிடா.

இதைவிட என்னைச் சலிப்படையச் செய்வது 'வாள்சுறா' என்ற பெயர்ப்பு. அதைச் சொல்பவர்கள் தமிழ்ப் பற்றோடுதான் சொல்கிறார்கள் என்பது இன்னும் வருத்தம். வாள் என்பது நமக்குப் போர்வாள் மட்டுமன்று, அறுக்கும் வாளும் அதுவே. மரம் அறுக்கும் இடத்தை இன்றும் வாள்பட்டறை என்கிறோம். இருபுறமும் பல் வரிசை கொண்ட நீண்ட மூக்கையுடைய மீன் ஒன்று உண்டு. வேளா என்றும் வாள்சுறா என்றும் அழைக்கப்படுவது அதுதான். பரதவர் சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை கூறுவது இம்மீனின் கொம்பையே என்பது என் எண்ணம். அறிவியல் அதைத் திருக்கையோடு சேர்க்கும். வாள்மீனோ சுறாவையும் திருக்கையையும் போலக் குருத்தெலும்பு மீனே அன்று, அதன் வாளில் பல்லும் இல்லை. போதாததற்கு, வேளா 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. 'வாள்சுறா வறுவல்' என்று தலைப்பிடுபவர், தாம் அறியாமலே சட்டவிரோதமான ஒரு பண்டத்துக்குப் பக்குவம் சொல்கிறார்.

இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர், நாள்மீன் நாண்மீன் ஆவதுபோல வாண்மீன் என்றே எழுத வேண்டும் என்றார். விதி சரி, ஆனால் படிப்பவர் அதை வான்மீன் என்று கொண்டு வானத்தைப் பார்ப்பார். ளகரத்தைத் தவறவிட்டு 'வால்மீன்' என்று எழுதுபவர்களோ வால்வெள்ளிக்கே மிளகாய்த்தூள் தடவச் சொல்கிறார்கள். புணர்ச்சி விதியைவிடத் தெளிவு பெரிது. வாள்மீன் என்று பிரிந்து நிற்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் மீன் கடைப் பக்கமே போவதில்லையோ என்று தோன்றுகிறது. வஞ்சிரம் என்று எழுதுகிறார்கள். இங்கே அது சீலா. மதுரைச் சந்தையில் வாள்மீனை நான் கண்டதில்லை. அதன் சதை இறுகியது, ஏறக்குறைய ஆட்டிறைச்சியைப் போன்றது. அதனால்தான் கனத்த துண்டாகச் சுட முடிகிறது, சற்று மிகுதியாகச் சுட்டாலும் வறண்டுபோகிறது. 'வாள்மீன், கிடைக்காவிட்டால் சீலாத் துண்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் மதினியின் பணம் மிஞ்சியிருக்கும்.

குறிப்பின் கடைசி வரியைப் பிறகுதான் படித்தேன்: 'பாதரசம் மிகுதி, கருவுற்ற பெண்கள் வாளையைத் தவிர்க்கவும்.' அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவ்வாறு எச்சரித்திருப்பது வாள்மீனைப் பற்றி. அண்ணன் மகளுக்கு இது ஏழாம் மாதம். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், வீட்டிலிருந்த வாளைக் கருவாடு முழுவதையும் மதினி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.