காற்று கண்ணுக்குத் தெரிந்தால்: ஐசோலேஷன் அறைக்கு விஆர் பயிற்சி

காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்று வழியே பரவுபவை. இந்த நோயாளிகளுக்கான ஐசோலேஷன் அறைக்குள் வருகிற காற்றைவிட வெளியே உறிஞ்சப்படும் காற்று அதிகம். அதனால் வராந்தாவைவிட அறைக்குள் அழுத்தம் 2.5 பாஸ்கலாவது குறைந்திருக்கும். காற்று உள்நோக்கியே போகும். மிகச் சிறிய வித்தியாசம்தான். கதவைத் திறந்தே வைத்தால் அதுவும் போய்விடும்.

பெங்களூரில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். கதவிடுக்கில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்து, அது உள்ளே இழுபடுவதைப் புதியவர்களுக்குக் காட்டுவோம். நல்ல சோதனை, தினமும் செய்ய வேண்டியது. ஆனால் கதவு திறந்தபின் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது.

விஆரில் (விர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணில் மாட்டும் ஹெட்செட்டுக்குள் கணினி காட்டும் அறை) தெரிகிறது. எங்கள் பயிற்சியில் நோயாளி இருமும் காற்றுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருந்தார்கள். அல்சூரிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வாளிக்காகத் திரும்பினார். ஆரஞ்சுப் புகை அவர் தோளைத் தாண்டி வெளியே வந்தது. "ஐயோ, இவ்வளவா வெளிய வருது?" என்று சட்டென்று கையை எடுத்தார். நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

அப்புறம் காத்திருக்கும் நேரம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதுமே "ரூம் ரெடியா?" என்று போன் வரும். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் கிருமி 99 சதவீதம் நீங்க 23 நிமிடம், 99.9 சதவீதத்துக்கு 35 நிமிடம் ஆகும். 6 முறை மட்டும் மாறும் பழைய அறைகளில் அது 46, 69 நிமிடம். அதற்கு முன்பே துடைக்கப் போகிறவர் என்95 மாஸ்க் போட்டே ஆக வேண்டும். விஆரில் அந்த ஆரஞ்சு நிறம் மெல்ல வெளுப்பதைப் பார்த்தவர்களிடம் இதை வாதாட வேண்டியதில்லை.

என்95 முகத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா, கையுறையை வெளிப்புறம் தொடாமல் எப்படிக் கழற்றுவது, இவற்றை விஆர் கற்றுத் தராது. அதற்கு நிஜ கிட் வேண்டும். என்95-ஐ அறையைவிட்டு வந்து, கதவை மூடிய பிறகே கழற்ற வேண்டும் என்பதும் கையால் செய்து பழகினால்தான் வரும். ஹெட்செட்டையும் ஒவ்வொருவர் மாட்டிய பின்னும் துடைக்க வேண்டும். தலைசுற்றல் வருகிறவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

இந்த விஆர் பயிற்சியை வாங்கும் மருத்துவமனைகளிடம் கேட்பது ஒன்றுதான். ஆங்கிலக் குரலோடு நிறுத்தாதீர்கள். இந்த ஊரில் வார்டைத் துடைப்பவர்கள் பலர் தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள். முதல் பேட்ச்சிலேயே அவர்கள் பெயரையும் சேருங்கள், நைட் ஷிஃப்ட்காரர்கள் உட்பட.